தேய்ந்த பல்லை அளந்தால்

ராணிப்பேட்டையில் பெரியப்பா நடத்திவந்த லேத் பட்டறைக்கு ஒரு கோடையில் டேனரியிலிருந்து ஒரு பல்சக்கரத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார்கள். தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுக்கிற ஃபிளெஷிங் மிஷினில், தோலை உள்ளே இழுக்கும் ரோலருக்கான சக்கரம் அது. மொத்தம் 20 பல். மூன்று உடைந்திருந்தது, மீதி தேய்ந்திருந்தது. மிஷினே செகண்ட் ஹாண்டாகத்தான் இந்த ஊருக்கு வந்தது. வரைபடமும் கிடையாது, கையேடும் கிடையாது. பெரியப்பா வெளியூர் போயிருந்தார். நான் வெர்னியரை வைத்து வெளிவிட்டத்தை அளந்தேன்: 55.4 மில்லிமீட்டர்.

பல்சக்கரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதனால் வெளிவிட்டத்தை வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண், வரும். 55.4-ஐ 22-ஆல் வகுத்தால் 2.518. மாட்யூல் 2.5 என்று முடிவுகட்டி வெட்டிக் கொடுத்துவிட்டேன். பூட்டி ஓட்டிய ஒரு மணி நேரத்தில் மிஷின் அலற ஆரம்பித்தது. மூன்றாம் நாள் எதிரில் இருந்த பெரிய சக்கரத்தின் பல்லும் போனது.

பெரியப்பா திரும்பி வந்து என் கணக்கைப் பார்த்தார். "மாட்யூல் ரெண்டரைன்னா புதுசுலயே 55தான்டா இருக்கணும். தேஞ்சு போனது எப்பிடி 55.4 இருக்கும்? தேஞ்சா பெருசாகுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. மிஷின் இருக்குமிடத்துக்கே போய் இரண்டு ஷாப்டுகளுக்கும் இடையே உள்ள மையத் தூரத்தை அளந்தார். 101.6 மில்லிமீட்டர். அதாவது சரியாக 4 இன்ச். "இது இன்ச் மிஷின். டிபி 10. எதிர்ச் சக்கரம் 60 பல், கூட்டிப் பாத்துக்கோ" என்றார். டிபி என்பது விட்டத்தில் ஒரு இன்சுக்கு எத்தனை பல் என்கிற இன்ச் கணக்கு. டிபி 10 கணக்கில் 20 பல் சக்கரத்தின் வெளிவிட்டம் புதிதில் 55.88 இருக்க வேண்டும். அது தேய்ந்து 55.4 ஆகியிருந்தது. நான் தேய்மானத்தை அளந்து, அதையே வடிவமைப்பு என்று நம்பிவிட்டேன்.

திறமூல வன்பொருள், அதாவது ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர், எதற்குத் தேவை என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தச் சக்கரம்தான் நினைவுக்கு வரும். பழைய வட ஆற்காட்டின் பட்டறைகள் பார்த்துச் செய்வதிலேயே வளர்ந்தவை. டேனரி டிரம்மின் பினியன், பாய்லர் வேலைக்கான ஃபிளேஞ்சு, நெல் அறுவடை மிஷினின் புஷ், எதைக் கொடுத்தாலும் செய்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், அதைச் செய்தவர் என்ன நினைத்தார் என்பது அதில் எழுதியிருக்காது. எந்த அளவு முக்கியம், எது முன்னேபின்னே இருந்தாலும் பரவாயில்லை, எந்த எஃகு, எவ்வளவு சூடேற்றி எதில் குளிரவைத்தது, இதெல்லாம் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கும். அந்த வரைபடம் யாரோ ஒருவரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கம்பெனி மூடிப்போனால் அதுவும் போய்விடும்.

வரைபடத்தைப் பூட்டாமல் வெளியே வைப்பதுதான் திறமூல வன்பொருள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சுருக்கம் ஏமாற்றும். 2011-ல் வெளியான திறமூல வன்பொருள் வரையறை ஒரு நிபந்தனையைத் தெளிவாக வைக்கிறது: வடிவமைப்புக் கோப்புகளை, திருத்தி வேலை செய்ய வசதியான மூல வடிவத்திலேயே கொடுக்க வேண்டும். படமாகவோ, பிரிண்டருக்கு அனுப்புகிற எஸ்டிஎல் கோப்பாகவோ மட்டும் கொடுத்தால் போதாது. எஸ்டிஎல் கோப்பு என்பது சுட்டு வைத்த தோசை. சாப்பிடலாம், ஆனால் அதைத் திரும்ப இட்லியாக்க முடியாது. கம்ப்யூட்டரில் வரைந்த மூலக் கோப்பான கேட் கோப்பு மாவு. ஒரு ஓட்டையை 8 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆக்க வேண்டுமென்றால் மாவு வேண்டும். அதற்குப் பிறகு, யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், மாற்றலாம், செய்யலாம், விற்கவும் செய்யலாம். விற்பது என்பதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். வியாபாரத்தைத் தடுத்தால் அது திறமூலம் ஆகாது.

இந்தப் பெயர் புதிது, வழக்கம் அவ்வளவு புதிதல்ல. இதற்கு மிகப் பெரிய உதாரணமே நம் தெருவில்தான் இருக்கிறது. ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அதை அடித்துத் தண்ணீர் பிடித்திருப்பார்கள்: இந்தியா மார்க் 2 கைப்பம்பு.

அதன் கதை பாறையில் தொடங்குகிறது. 1960-களின் பிற்பகுதியில் வறட்சி வந்தபோது, கடினப் பாறையைத் துளைக்கிற ரிக் வண்டிகளை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எங்கள் பக்கம் மாதிரி அடியில் முழுக்கக் கருங்கல் இருக்கிற இடங்களிலும் போர் போட முடிந்தது. ஆனால் மேலே பூட்டிய பம்பு தாங்கவில்லை. மேலைநாட்டில் ஒரு பண்ணை வீடு தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிற வார்ப்பிரும்புப் பம்பின் நகல்கள் அவை. இங்கேயோ ஒரு ஊரே விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை அடிக்கிறது. கொஞ்ச மாதத்தில் பின் தேய்ந்து, பிடி உடைந்து, ஊர் ஊராகப் பம்புகள் செத்து நின்றன. மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷனரிகள் நடத்திய பட்டறைகள் இதற்கு மாற்றாக எஃகில் ஒரு பம்பை உருவாக்கியிருந்தன. 1970-களின் நடுவில் யுனிசெஃப், சென்னையில் இருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் கம்பெனி எல்லாம் சேர்ந்து அந்த சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்துப் புதிதாக வடிவமைத்தார்கள். கோவைப் பக்கத்துக் கிராமங்களில், தண்ணீர் மட்டம் நன்றாக ஆழத்தில் இருந்த இடமாகப் பார்த்து வைத்துச் சோதித்தார்கள்.

இதற்கு யாரும் பேட்டன்ட் எடுக்கவில்லை. வரைபடம் பொதுச்சொத்து. 1979-ல் இந்தியத் தரநிலை ஐஎஸ் 9301 ஆக அது அச்சில் வந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றதும் நாடெங்கும் பல கம்பெனிகள் செய்தன. ஆப்பிரிக்காவுக்கும் போனது.

இதில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். வரைபடத்தைப் பொதுவில் போட்டதால் மட்டும் மார்க் 2 ஜெயிக்கவில்லை. எந்தக் கம்பெனி செய்தாலும் ஒன்றின் ஆக்சில் இன்னொன்றின் தலைப்பகுதியில் பொருந்தியாக வேண்டும் என்று டாலரன்ஸ், அதாவது எந்த அளவு எவ்வளவு விலகலாம் என்பதை, எழுதினார்கள். பாகத்தைப் பிடித்து வெட்டவும் அளந்து பார்க்கவும் வேண்டிய ஜிக், ஃபிக்சர், கேஜ் எல்லாவற்றையும் வகுத்தார்கள். செய்தவர், வாங்குபவர் இருவரையும் சாராத மூன்றாவது ஆள் தொழிற்சாலைக்கே போய்ச் சோதித்த பிறகுதான் சரக்கு வெளியே வந்தது. அப்புறம் பழுதிலிருந்தும் கற்றுக்கொண்டார்கள். கிணற்றுக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்தால், அதை மாற்ற மொத்தப் பைப்பையும் மேலே தூக்க வேண்டியிருந்தது. அதற்கு வண்டியும் ஆட்களும் வேண்டும். அடுத்து வந்த மார்க் 3-ல் பைப்பை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் உள்வழியாக உருவி எடுக்கும்படி செய்தார்கள். ஒரு மிஷின் திறந்திருக்கிறது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: தெரியாத ஊரில், தெரியாத ஆள், நம்மிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், நம் பாகத்தோடு பொருந்தும் பாகத்தைச் செய்ய முடிய வேண்டும்.

ஜெய்ப்பூர் செயற்கைக் காலும் 1960-களின் இறுதியில் அதே வழியில்தான் வந்தது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய அதற்குப் பேட்டன்ட் இல்லை.

கம்ப்யூட்டர் யுகத்தில் இந்த வழக்கம் மறுபடி உயிர் பெற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு பிறந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ரேப் திட்டத்தைத் தொடங்கினார். தன் பாகங்களில் பெரும்பகுதியைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் பிரிண்டர் அது. 2008-ல் முதல் 'குட்டி' பிரிண்டர் ஓடியது. 2009-ல் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறைக்கான முக்கியமான பேட்டன்ட் காலாவதியானதும் விலை சரிந்தது. இன்று காட்பாடியில் ஒரு கல்லூரி மாணவன் விடுதி அறையில் முப்பரிமாண பிரிண்டர் வைத்திருப்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. மிஷின்களை ஓட்டுகிற மூளையும் இப்படியே வெளியே வந்தது. லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளின் வேர் அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் 1990-களில் எழுதிப் பொதுவில் விட்ட நிரல். அதே வேலைக்காக ஆர்டுயினோவில் ஏற்றக்கூடிய ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் 2009-ல் வந்தது. அமெரிக்காவில் மார்சின் யாகுபோவ்ஸ்கி தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஈகாலஜி, டிராக்டர், மண்கல் அச்சு என்று 50 மிஷின்களுக்கு வரைபடம் வெளியிடுவதை இலக்காக வைத்தது. நம் நாட்டில் புனே மாவட்டத்தின் பாபலில் இருக்கும் விஞ்ஞான் ஆசிரமம், அமெரிக்காவின் எம்ஐடி தொடங்கிய ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறைகளின் வலையில் மிக ஆரம்பத்திலேயே சேர்ந்த இடங்களில் ஒன்று.

சரி, பிரிண்டரும் போர்டும் ஒரு பக்கம். இரும்பை வெட்டுகிற மெஷின் டூலைத் திறமூலமாகச் செய்ய முடியுமா? லேத்தைச் செய்ய லேத் வேண்டாமா?

முதல் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியின் பயம் போய்விடும். 1840 வாக்கில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் விளக்கிய மூன்று தட்டு முறை அதற்குப் பதில். இரண்டு இரும்புத் தட்டுகளை எடுத்து, ஒன்றின் மேல் நீலச்சாயம் தடவி மற்றதில் தேய்த்து, மேடு தெரியும் இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் சமதளமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று குழிந்து, மற்றது புடைத்து இருந்தாலும் பொருந்தத்தானே செய்யும். மூன்றாவது தட்டைக் கொண்டுவந்து ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், மூன்றும் ஒன்றும் என்று மாற்றி மாற்றி, திசையையும் திருப்பி வைத்துத் தேய்த்தால் அந்தத் திருட்டுத்தனம் நடக்காது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால் மூன்றுமே சமதளமாக இருந்தாக வேண்டும். விலை உயர்ந்த மிஷின் எதுவும் தேவையில்லை. மூன்று தட்டு, சாயம், ஸ்கிரேப்பர், பொறுமை. சமதளம் கிடைத்துவிட்டால் அதை வைத்து நேர்கோடு, அதை வைத்துச் செங்கோணம், அதை வைத்து லேத்தின் பெட். டேவிட் கிஞ்சரி என்ற அமெரிக்கர் 1980-களில், கரி அடுப்பில் அலுமினியம் உருக்கி வார்த்து லேத்திலிருந்து மில்லிங் மிஷின் வரை வீட்டிலேயே கட்டும் முறையை வரிசையாகப் புத்தகங்களில் எழுதினார். அவர் லேத்தின் பாகங்களைக் கட்டுகிற வரிசையிலும் இதே தர்க்கம்தான்: செய்து முடித்த பாகமே அடுத்த பாகத்தைச் செய்ய உதவும்.

அதே விட்வொர்த் 1841-ல் திருகுகளுக்கு 55 டிகிரி கோணத்தில் ஒரு பொது அளவை முன்வைத்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தது. வேலூரில் இன்று நாம் மாட்டுகிற ஒவ்வொரு குழாயின் மரையும் அந்த 55 டிகிரிதான். வாலாஜாவில் வாங்கிய எல்போ ஆற்காட்டில் வாங்கிய பைப்பில் ஏறுகிறதே, அதைவிட எளிய திறந்த தரநிலை வேறென்ன வேண்டும்?

ஆனால் வரைபடம் எந்த ஊரில் வரையப்பட்டது என்பதைக் கவனிக்காமல் அப்படியே செய்தால் வேலூரில் மாட்டிக்கொள்வோம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

உலகம் முழுக்க வரைபடத்தில் எழுதும் அளவுகள் 20 டிகிரி வெப்பநிலையில் இருக்கும் அளவுகள் என்று ஒரு பொது ஒப்பந்தம் உண்டு. வேலூரில் 20 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் கோலம் போடும் நேரத்துக்கு மட்டும் வந்துபோகிற விஷயம். கத்திரி வெயிலில் வெளியே 42 டிகிரி சாதாரணம். தகர ஷெட்டுக்குள் இன்னும் மேலே. ஒரு மீட்டர் எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அலுமினியம் 23 மைக்ரான். காலை 27, மதியம் 42 என்று வைத்தால் ஒரு மீட்டர் எஃகு 0.18 மில்லிமீட்டரும், அலுமினியம் 0.345 மில்லிமீட்டரும் நீள்கின்றன. மிஷினும் வேலைப்பொருளும் ஒரே எஃகு, ஒரே சூடு என்றால் சேர்ந்து நீளும், பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் திறமூல வரைபடங்களில் பெரும்பாலும் அலுமினியச் சட்டம், அதன் மேல் எஃகு ரெயில். இரண்டும் வேறு வேறு நீளத்துக்கு இழுக்கும்போது மதியம் சட்டம் வில்லாக வளைகிறது. காலையில் டயல் வைத்துச் சரிபார்த்த மிஷின் மூன்று மணிக்குப் பொய் சொல்லும்.

பேரிங் உட்காரும் இடமும் அப்படித்தான். எங்கும் கிடைக்கிற 6204 பேரிங்கின் வெளிவிட்டம் 47 மில்லிமீட்டர். அதை அலுமினிய ஹவுசிங்கின் துளையில் இறுக்கமாகப் பொருத்தினால், 20 டிகிரி சூடு ஏறும்போது துளை பேரிங்கைவிடப் பத்து மைக்ரான் அதிகமாக விரிகிறது. மதியத்தில் பேரிங் உள்ளே சுழல ஆரம்பித்துவிடலாம். குளிர் நாட்டில் வரைந்தவருக்கு இந்தப் பிரச்சினை கனவிலும் வந்திருக்காது. அவர் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் மோட்டார் தாங்கியை அச்சிடச் சொல்லியிருப்பார். பிஎல்ஏ 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகும். சூடான மோட்டாரோடு, இழுவிசையில், தகர ஷெட்டுக்குள் அது மெல்ல மெல்லத் தொங்கிப்போகும். இங்கே சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக், முடிந்தால் இரும்பு.

அடுத்தது விறைப்பு. படத்தில் பார்த்து ஆசைப்பட்டு கம்ப்யூட்டர் ஓட்டுகிற ஒரு சின்ன வெட்டும் மிஷின், அதாவது சிஎன்சி ரௌட்டர், கட்டுகிறவர்கள், அதில் எஃகை வெட்டப் போய் ஏமாறுவது இதில்தான். 5 மில்லிமீட்டர் பிச் உள்ள பால் ஸ்குரூவை, சுற்றுக்கு 200 ஸ்டெப் வைக்கும் ஸ்டெப்பர் மோட்டார் திருப்பினால் ஒரு ஸ்டெப்புக்கு 0.025 மில்லிமீட்டர் வரும். மைக்ரோஸ்டெப் போட்டால் அதற்கும் கீழே. உடனே "என் மிஷின் இரண்டு மைக்ரான் துல்லியம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது மோட்டாருக்குச் சொல்லக்கூடிய மிகச் சிறிய கட்டளை, அவ்வளவுதான். நட்டில் இருக்கிற பிளே எனும் தொளதொளப்பு, சட்டத்தின் வளைவு, கட்டர் பட்டதும் வரும் அதிர்வு எல்லாம் சேர்ந்து கடைசியில் வேலைப்பொருளில் கிடைப்பதுதான் துல்லியம். ஒரு முனை மட்டும் பிடித்த கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். தச்சர்கள் உத்தரத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைப்பதும் இதே கணக்குதான்: உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. மிஷினைப் பெரிதாக்க ஆசைப்படாமல் குட்டையாக, தடியாகக் கட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

தடியாகக் கட்ட எங்கள் ஊரில் ஒரு நல்ல பொருள் இருக்கிறது. வேலூருக்கு ஒரு பழைய சொலவடை உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். மலை அப்படியேதான் இருக்கிறது, மொட்டைக் கருங்கல். கருங்கல் துகளை எபாக்சி பிசினில் குழைத்து அச்சில் ஊற்றிச் செய்யும் மிஷின் படுக்கையை எபாக்சி கிரானைட் என்கிறார்கள். வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு வேகமாக அதிர்வை விழுங்கும். சூடு பட்டால் நீளும் அளவு எஃகுக்குக் கிட்டத்தட்டச் சமம். வார்ப்பு உலை வேண்டாம். கொட்டுகிற அச்சை மரத்திலேயே செய்யலாம். எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் பிசின் போதும், மீதி எல்லாம் கல். பெரிய சல்லியும் பொடியும் சரியான விகிதத்தில் கலந்தால் இடைவெளி குறையும், பிசினும் குறையும். கல்லை நன்றாகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைக்க வேண்டும். வேலூரில் இதை விடியற்காலையில்தான் கலக்க வேண்டும். மே மாத மதியத்தில் கலந்தால் வாளியிலேயே புகைந்து இறுகிவிடும். இந்தக் கடைசிக் குறிப்பு எந்த வெளிநாட்டு ஆவணத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு வாளி பிசினைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். நம் ஊரில் கட்டுகிறவர்கள் எழுதிவைக்க வேண்டியதே இப்படிப்பட்டவைதான்.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று. அவசர நிறுத்தப் பொத்தான் கன்ட்ரோலர் போர்டுக்கு 'நில்' என்று செய்தி அனுப்பினால் மட்டும் போதாது, கான்டாக்டர் என்ற மின் சுவிட்ச் வழியாக மோட்டாரின் மின்சாரத்தையே வெட்ட வேண்டும். போர்டு உறைந்துபோன நேரத்தில்தான் அந்தப் பொத்தான் தேவைப்படும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. மென்பொருளில் விஷயம் நேரானது: நிரலை எழுதியதுமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, அந்த உரிமையை வைத்தே 'திருத்தினால் திருப்பிக் கொடு' என்று உரிமத்தில் நிபந்தனை போடலாம். பொருளுக்கு அப்படியில்லை. வரைபடத்துக்குப் பதிப்புரிமை உண்டு. வேலை செய்கிற இரும்புக்கு அது நீளாது. இரும்பைக் காப்பது பேட்டன்ட், இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, செலவும் அதிகம். தோற்றத்துக்கு வடிவமைப்புச் சட்டம் உண்டு. முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். இன்னொரு நுணுக்கம்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி, பதிவு செய்யத் தகுந்த ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதித்தவரோ அந்தப் பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை போய்விடும். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகம் 2011-ல் வன்பொருளுக்கென்றே உரிமம் எழுதி, 2020-ல் அதை மூன்று வகையாகத் திருத்தி வெளியிட்டது: மாற்றியதைக் கட்டாயம் திருப்பித் தர வேண்டியது, பகுதி மட்டும் தர வேண்டியது, எதுவும் கேட்காதது. நான் முதல் வகையையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் உரிமப் பத்திரம் மட்டும் ஒருவரைக் கட்டிப்போடும் என்று நம்பவில்லை. மேக்கர்பாட் கம்பெனி ரெப்ரேப் மரபில் வளர்ந்து, 2012-ல் தன் புதிய பிரிண்டரின் வடிவமைப்பை மூடிக்கொண்டது. திறந்தே வைத்திருந்தவர்களை வாழவைத்தது சட்டத்தைவிட அவர்களுடைய ஆவணத்தின் தரம். நகல் எடுப்பவனைவிட மூலத்தை வைத்திருப்பவனிடம் அடுத்த திருத்தம் முதலில் கிடைக்கும் என்றால், வாங்குகிறவர் மூலத்தைத் தேடித்தான் வருவார்.

வட ஆற்காட்டுக்கு எந்த மிஷின் முதலில் வேண்டும்? என் மனசில் இருப்பது தோல் வெட்டும் மேசை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஷூவின் மேல்பாகத்தை கிளிக்கிங் பிரஸ் என்ற அழுத்தும் மிஷினில், டை என்கிற வெட்டச்சை வைத்து வெட்டுகிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும், ஒவ்வொரு சைசுக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் தனி டை. ஆயிரக்கணக்கில் ஆர்டர் இருந்தால் அது கட்டுப்படியாகும். ஐம்பது ஜோடி செய்கிற சின்னப் பட்டறைக்கு டை செலவே முதலை விழுங்கிவிடும். அவர்கள் அட்டை வைத்துக் கத்தியால் கையில் வெட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் சொன்னபடி கத்தியை ஓட்டுகிற மேசைகள் சந்தையில் உண்டு, ஆனால் பெரிய கம்பெனி வாங்கக்கூடிய விலையில், பூட்டிய மென்பொருளோடு. இதைத் திறமூலமாகக் கட்டுவதில் எனக்குத் தெரிந்து பெரிய தடை எதுவும் இல்லை. எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு ஜிஆர்பிஎல் போதும். மெல்லிய அப்பர் தோலுக்கு இழுத்துச் செல்லும் கத்தி, தடித்ததற்கு மேலும் கீழும் அதிரும் கத்தி. தோல் நகராமல் பிடிக்க, துளைபோட்ட பலகைக்கு அடியில் ஒரு புளோயர். தையல் ஓரத்துக்குக் கால் மில்லிமீட்டர் துல்லியம் தாராளம் என்பதால், மேலே சொன்ன வெயில் கணக்கு இங்கே பெரிதாகக் கெடுக்காது. தோலில் எங்கே காயம், எங்கே நரம்பு என்று பார்த்துத் துண்டுகளை அடுக்குவது மட்டும் கைதேர்ந்த கட்டரின் கண்ணுக்கே விடவேண்டியது. கேமராவில் படம் எடுத்துத் திரையில் காட்டி, அவரையே அடுக்கச் சொல்லலாம்.

இரண்டாவதாக, டச்சு இளைஞர் டேவ் ஹாக்கன்ஸ் 2013-ல் வெளியிட்ட பிரெஷியஸ் பிளாஸ்டிக் வரிசையின் பிளாஸ்டிக் துண்டாக்கியும் அழுத்த அச்சும். அவற்றை நம் வெல்டிங் பட்டறைகள் இப்போதே செய்துவிடும். ராணிப்பேட்டை பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) ஆலையைச் சுற்றி வளர்ந்த சிறு ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் வரைபடம் படிக்கத் தெரிந்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் ஏராளம். கல்லூரிப் பையன்களுக்குக் கேட் தெரியும். பட்டறைக்காரர்களுக்கு எந்த அளவு உண்மையில் முக்கியம் என்று தெரியும். ஒருவர் வரைந்ததை மற்றவர் செய்து பார்த்து, எங்கே இடித்தது என்று அந்த வரைபடத்திலேயே எழுதினால் போதும்.

பெரியப்பா இப்போது பட்டறைக்குப் போவதில்லை. அவர் செய்த வேலைகளின் அளவுகளையெல்லாம் நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். சிலதில் இன்ச், சிலதில் நூல் கணக்கு, சிலதில் மில்லிமீட்டர். வாரத்துக்கு ஒன்றிரண்டாக அவற்றை எடுத்து ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து வருகிறேன். புரியாத இடத்தில் அவரையே உட்காரவைத்துக் கேட்கிறேன். முதலில் வரைந்தது அந்த ஃபிளெஷிங் மிஷின் பல்சக்கரம். டிபி 10, 20 பல், வெளிவிட்டம் 55.88, மையத் தூரம் 101.6. குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, "நீ வெட்டிக் கெடுத்ததையும் எழுது. 55.4-ன்னு அளந்தா நம்பாதே, ஷாப்டுத் தூரத்தப் பாருன்னு எழுது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.